விடுதியில் டெங்கு: பயம் இருந்தது, பயந்த இடம் தப்பு

இது 2023 மழைக்காலத்தில் காவிரி டெல்டாவில் ஒரு கலைக் கல்லூரியின் ஆண்கள் விடுதியில் நடந்தது. நான் அப்போது அங்கே துணை வார்டன், பகலில் விலங்கியல் பாடம் நடத்துபவன். கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிற ஆள் குடியிருந்த கட்டடத்திலேயே இது நடந்தது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பதற்குள். கல்லூரி, ஊர், பையன்கள் யாரையும் அடையாளம் தெரியும்படி எழுதவில்லை.

பின்னணி

3 மாடி, 48 அறை, சுமார் 140 பையன்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டை, பேராவூரணி, பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகள், பாதிப் பேர் வீட்டில் விவசாயம். செப்டம்பரில் போர்வெல் மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) எரிந்துபோனது. சரிசெய்து வந்த பிறகும், மறுபடி எரிந்துவிடக் கூடாதே என்று காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே ஓட்டினோம். அதனால் ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூன்று வாளி, மாடிக்கு நான்கு நீல டிரம், எல்லாவற்றிலும் எந்நேரமும் தண்ணீர். இதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. பையன்கள் பொறுப்பாகத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்களே என்று நானே ஒருமுறை பாராட்டியிருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை மேட்டூரிலிருந்து வர வேண்டிய பாசனத் தண்ணீரை, அணை வற்றிப்போனதால் அந்த வருடம் அக்டோபர் 10-ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து வரும் போனில் எல்லாம் அதே பேச்சு. இது கொசுவோடு சம்பந்தமில்லாத விஷயம் மாதிரி தோன்றும், கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் கொரோனா. முதலாண்டுப் பையன்கள் 2021 மார்ச்சில் பத்தாம் வகுப்பு படித்தவர்கள். தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்களுக்குத் தொற்று வந்தது அந்த மாதம்தான், 22-ஆம் தேதி முதல் மாநிலம் முழுக்க 9, 10, 11 வகுப்புகளை நிறுத்தியதும் அந்த மாதம்தான். நோய் என்றால் ஆளிடமிருந்து ஆளுக்கு வரும், மாஸ்க் போடு, தள்ளி உட்கார் என்பது இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டாத பாடம்.

முதல் காய்ச்சல்

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் இரண்டாமாண்டுப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல். நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மெடிக்கலில் போய் "உடம்பு வலி, காய்ச்சல்" என்று சொல்லி அவர்கள் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டான், அதில் ஒன்று டெங்கு சந்தேகம் இருக்கும்போது தொடவே கூடாத வலி மாத்திரை (டெங்குவில் பாரசிட்டமால் மட்டும்தான், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் வகையெல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும்). ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. சரியாகிவிட்டது என்று குளித்துவிட்டு வகுப்புக்குப் போனான். மதியம் வயிற்றுவலி, வாந்தி, கை கால் சில்லிட்டு வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

டெங்குவில் மோசமான கட்டம் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். நாம் எல்லோரும் "ஜுரம் விட்டுடுச்சு, இனி பயமில்லை" என்று நிம்மதியாகும் அதே நேரத்தில். அவனை அக்டோபர் 16 மாலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், ஆறு நாள் இருந்து பிழைத்து வந்தான். டெங்குதான் என்று உறுதியானது.

ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன். "சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க சார், இன்டர்னல் போயிடும், அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே கம்மி." அவன் கணக்கில் காய்ச்சல் சின்ன ஆபத்து, சொல்வது பெரிய ஆபத்து. இத்தனைக்கும் எங்கள் விடுதி வழக்கம் அப்போது அதுதான், காய்ச்சல் என்றால் அன்றே பெட்டி கட்டி ஊருக்கு.

பையன்கள் என்ன செய்தார்கள்

செய்தி பரவிய இரண்டு நாளில் நான் பார்த்தவற்றை அப்படியே எழுதுகிறேன். அவனுடைய அறையில் இருந்த மற்ற இருவரும் பாய் படுக்கையோடு வேறு அறைக்கு மாறிவிட்டார்கள், அந்த அறை வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். பாதிப் பேர் மாஸ்க் போட்டார்கள். விடுதிக்குப் பின்னால் ஓடும் சாக்கடைதான் காரணம் என்று கையெழுத்து வாங்கி முதல்வரிடம் மனு கொடுத்தார்கள். ராத்திரி கொசுவலை கட்டினார்கள், கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி ஏற்றினார்கள், காலையில் எழுந்து வலையைச் சுருட்டிவிட்டு அரைக்கால் சட்டையோடு வாளித் தண்ணீர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். மெஸ்ஸில் நிலவேம்புக் கசாயம் வைத்தோம், வரிசையில் நின்று குடித்தார்கள். ஊரிலிருந்து பப்பாளி இலைச் சாறு பாட்டிலில் வந்தது. பேரூராட்சியிலிருந்து வந்து புகை அடித்தபோது மொட்டை மாடியில் நின்று கைதட்டினார்கள்.

அலட்சியம் என்று இதைச் சொல்ல முடியுமா? இவ்வளவு வேலை அலட்சியமான ஆள் செய்ய மாட்டான். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் சாயங்காலத்திலும் அதிகம். சாக்கடையில் அது முட்டையிடாது, தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். நூறு இருநூறு மீட்டருக்கு மேல் அதிகம் பறக்காது. கட்டிலுக்கு அடியிலும் ஆணியில் தொங்கும் பேண்ட் மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும், வெளியே அடிக்கிற புகை அங்கே போகாது. கசாயம் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் கசாயம் குடித்தவனைக் கொசு கடிக்காமல் விடாது, குடித்தவன் வாளியைப் பார்க்காமல் விட்டுவிடுவான்.

இது எதுவும் அவர்களுக்குத் தெரியாததல்ல. என் வகுப்புப் பையன்கள் இதே ஏடிஸ் கொசுவுக்குப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள். படத்தில் உள்ள தொட்டியும் தன் கட்டிலுக்கடியில் உள்ள வாளியும் ஒன்று என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும் தோன்றவில்லை.

வகுப்பில் ஒருநாள் கேட்டேன், விடுதியில் இன்னும் யாருக்காவது வருமா? கிட்டத்தட்ட எல்லாக் கையும் உயர்ந்தது. உனக்கு வருமா என்றேன், நாலைந்து கைதான். 1980-ல் நீல் வெயின்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் இதே மாதிரி கேட்டுப் பார்த்தார், கெட்டது நடப்பது மற்றவர்களுக்குத்தான், தனக்கு வாய்ப்புக் குறைவு என்றே பெரும்பாலும் பதில் வந்தது. அந்த வயதின் குணம் என்று சொல்லிவிடலாம், ஆனால் நானும் வாளியில் தண்ணீர் வைத்திருந்தவன்தான், எனக்கு அப்போது 44 வயது.

முதல் முடிவும் அது சொதப்பியதும்

அக்டோபர் 18 அன்று வார்டனும் நானும் ஒரு கூட்டம் போட்டோம். பயமுறுத்தினால் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். 2012-ல் தமிழ்நாட்டில் டெங்குவால் 66 பேர், 2017-ல் 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு இருக்கிறது, அதைப் பெரிய எழுத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். பிளேட்லெட் எப்படி விழும், ரத்தம் எங்கெங்கே கசியும் என்று நான் அரை மணி நேரம் பேசினேன். என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் கடைசியில் ஒரே வரி: "சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுங்கள்." காய்ச்சல் இருந்தால் உடனே வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விதியையும் இன்னொருமுறை உரக்கப் படித்தோம்.

அன்று ராத்திரியே பெற்றோர் போன் வர ஆரம்பித்தது. மறுநாள் இருபது பேருக்கு மேல் ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் இன்னொரு மாதிரியான மாற்றம், டெங்கு பற்றிப் பேசினாலே கிண்டல். "டேய் பிளேட்லெட்" என்று ஒருவனுக்குப் பட்டப்பெயரே வந்தது. மூன்றாம் மாடியில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து, நண்பர்களே ஈரத்துணி போட்டு, மெஸ்ஸிலிருந்து கஞ்சி கடத்திக்கொண்டு போய், இரண்டு நாள் எங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அன்பில் குறையில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நட்பு அது.

மனிதனுக்குப் பயத்தைக் கொடுத்து, கையால் செய்யக்கூடிய வேலை எதையும் கொடுக்காவிட்டால் அவன் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைச் சமாளிக்கத் தொடங்கிவிடுவான்: ஓடுவான், சிரிப்பான், மறைப்பான். இதைப் பற்றி ஆராய்ச்சியெல்லாம் 1990-களிலேயே வந்துவிட்டது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தோம். காய்ச்சலோடு இருந்த இருவரை விதிப்படி பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பினோம். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாள்தான் ரத்தத்தில் வைரஸ் அதிகம் இருக்கும், அந்த நேரத்தில் கடிக்கும் கொசுவுக்குத் தொற்றும். தண்ணீர் தட்டுப்பாட்டில் வீட்டுக்கு வீடு அண்டாவில் பிடித்து வைத்திருக்கும் கிராமத்துக்கு அவர்களை அனுப்பினோம். விடுதியில் எண்ணிக்கை குறைந்ததாகக் கணக்கு காட்டியிருக்கிறோம், வேறென்ன சொல்வது.

வெள்ளைக் கிண்ணம்

அக்டோபர் 26 அன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர். பையன்கள் அவரை நேராகச் சாக்கடைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அது வேற கொசுப்பா. உங்க ரூமைத் திறங்க" என்றார். கையில் ஒரு டார்ச், ஒரு கரண்டி, ஒரு வெள்ளைக் கிண்ணம்.

முதல் மாடியில் நாலாவது அறை. வாளியில் டார்ச் அடித்தார், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னார். மேலே வந்தது. கரண்டியால் மொண்டு கிண்ணத்தில் ஊற்றினார், வெள்ளையில் கறுப்பாக நெளிகிற புழுக்கள். அந்த வாளிக்காரன் காலையில் அதில்தான் முகம் கழுவியிருந்தான். "என் வாளியா சார் இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நான் அரை மணி நேரம் பேசியதில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லை.

அந்த மாடியில் மட்டும் பார்த்த வாளி, டிரம்களில் ஐந்தில் ஒன்றிலாவது புழு இருந்தது. மெஸ் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில் இருந்தது. முதல்வர் அறையில் பாட்டிலில் வளர்ந்துகொண்டிருந்த மணி பிளான்டில் இருந்தது, அன்றைக்குப் பையன்களின் உற்சாகத்துக்கு அது ஒன்றே போதும்.

சரி, கொட்டலாம் என்றோம். அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மேட்டூர்ல மூடிட்டாங்க, ஊர்ல நாத்து காயுது, எங்கப்பா ஒரு குடத்துக்கு அலையுறாரு. நீங்க கொட்டுங்கிறீங்க." அவனை யாரும் கேலி செய்யவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். தண்ணீரைக் கொட்டுவது டெல்டாப் பிள்ளைக்குச் சும்மா ஒரு சுகாதார நடவடிக்கை இல்லை என்பது எங்கள் நோட்டீஸ் எதிலும் வரவில்லை. ஆய்வாளர் கோபப்படவில்லை. "கொட்ட வேணாம் தம்பி, தென்னைக்கு ஊத்து. காலி வாளியை உள்பக்கம் நல்லா தேய்ச்சுடு, முட்டை பக்கவாட்டுல ஒட்டியிருக்கும், தண்ணி காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது" என்றார். அந்த மாலை விடுதிக்குப் பின்னால் உள்ள தென்னை மரங்களுக்கு அவை பார்த்திராத அளவுக்குத் தண்ணீர் கிடைத்தது.

எடுத்த முடிவுகள்

அடுத்த இரண்டு நாளில் எடுத்தவற்றில் உருப்படியானது மோட்டார்தான். ஒரு மணி நேரம் இரண்டு வேளை என்பதை நாற்பது நிமிடம் நான்கு வேளை என்று மாற்றினோம், எலக்ட்ரீஷியனை வைத்து சுமை கூடினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் மாட்டினோம். தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் வரும் என்று நம்பிக்கை வந்ததும் பையன்களே டிரம்களை விட்டுவிட்டார்கள். புழுவுக்கு இடம் கொடுத்ததே எங்கள் மோட்டார் நேரம்தான், அதை வைத்துக்கொண்டு மாணவர்களின் பழக்கத்தை மாற்றப் பேசிக்கொண்டிருந்தோம்.

காய்ச்சல் விதியைத் தலைகீழாக்கினோம். சொன்னால் அன்றே விடுதி வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையம், முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனை (டெங்குவை ஆரம்பத்திலேயே காட்டும் ரத்தப் பரிசோதனை), அட்டெண்டன்ஸ் போகாது, இன்டர்னல் மறுபடி எழுதலாம், தரைத்தளத்தில் பகலிலும் வலை கட்டிய ஒரு அறை. முதல்வரை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் நேரம் பிடித்தது, மறு தேர்வு என்றால் எல்லோரும் காய்ச்சல் என்று வந்துவிடுவார்கள் என்றார். வந்தவர்களில் இருவர் நடித்தார்கள், இரண்டு பேருக்கு மறு தேர்வு வைத்ததில் கல்லூரி ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம், வாளி தேய்ப்பது. அறைக்கு ஒரு டார்ச். ஆய்வாளர் தயவில் அறைகளுக்குள் பைரெத்ரம் என்ற கொசுக்கொல்லி மருந்துத் தெளிப்பும் நடந்தது.

பின்விளைவு

அக்டோபர் 28 அன்று கட்டடம் முழுக்கத் தேய்த்து முடித்தோம். அடுத்த வாரம் காய்ச்சல் எண்ணிக்கை கூடியது. முதல்வர் பதறிவிட்டார். ஒரு பகுதி, இதுவரை மறைத்தவர்கள் வெளியே சொன்னது. அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தும் பையன்களிடம் சொல்லத் தவறியது இன்னொன்று: நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவனுக்குக் கொடுக்க 8 முதல் 12 நாள், கடிபட்டவனுக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். இன்று கடைசிப் புழுவைக் கொன்றாலும், ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் கொசு இரண்டு மூன்று வாரம் வேலை பார்க்கும். இதைச் சொல்லாததால் நவம்பர் முதல் வாரத்திலேயே "தேய்ச்சும் வருதே சார், என்ன பிரயோஜனம்" என்று ஞாயிறு வேலைக்கு ஆள் பாதியானது. நாள் கணக்கைப் போர்டில் எழுதி, நவம்பர் 20 வரை காய்ச்சல் வரத்தான் செய்யும், அதற்குள் விட்டால் மறுபடி முதலிலிருந்து என்று விளக்கிய பிறகு கொஞ்சம் திரும்பினார்கள். முன்பே சொல்லியிருந்தால் அது எச்சரிக்கை. அப்போது சொன்னது சமாதானம் மாதிரிதான் ஒலித்தது.

நவம்பர் 12 தீபாவளி. ஐந்து நாள் விடுமுறையில் வாளிகளைக் கவிழ்க்காமல் போனார்கள், திரும்பி வந்தபோது ஏழு அறைகளில் புழு. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், நல்லவேளை பறப்பதற்குள் பார்த்தோம். அப்போது வேடிக்கை என்னவென்றால், கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. டார்ச்சோடு பக்கத்து அறையைச் சோதித்து "உன் ரூம்ல இருக்குடா" என்று சொல்வது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகியிருந்தது.

மொத்தம் ஒன்பது பேருக்கு உறுதியானது, மூவர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பு இல்லை. கடைசி உறுதியான காய்ச்சல் நவம்பர் 17. எங்கள் நடவடிக்கையால்தான் நின்றது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, தெளிப்பும் நடந்தது, பாதிப் பேர் ஊரிலும் இருந்தார்கள்.

கேள்வித்தாளில் ஒரு கோளாறு

நவம்பர் கடைசியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு கேள்வித்தாள் சுற்றுக்கு விட்டார்கள். உங்களுக்கு டெங்கு வர எவ்வளவு வாய்ப்பு, வாரம் எத்தனை முறை வாளி தேய்க்கிறீர்கள், இப்படிச் சில கேள்விகள். ஒழுங்காகத் தேய்க்கிறவர்கள்தான் "வாய்ப்பு குறைவு" என்று எழுதியிருந்தார்கள். நான் அவசரத்தில், ஆபத்தைக் குறைவாக நினைப்பவர்களே அதிகம் செய்கிறார்கள், ஆகவே ஆபத்துணர்வுக்கும் நடத்தைக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். பொருளியல் துறை நண்பர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏங்க, அவன் தேய்க்கிறதாலதானே வராதுங்கிறான்?" என்றார்.

கேட்டிருக்க வேண்டியது: "வாளியைத் தேய்க்காமல் விட்டால் உங்களுக்கு வர எவ்வளவு வாய்ப்பு?" அதையும் வேலை தொடங்குவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. நடந்து முடிந்த பிறகு ஒரே தடவை கேட்டால் பயம் வேலையைச் செய்ய வைத்ததா, செய்த வேலை பயத்தைக் குறைத்ததா என்று பிரிக்க முடியாது. அந்த அறிக்கையை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இப்போது செய்தால்

இறப்பு எண்ணிக்கையை ஒட்ட மாட்டேன். முதல் நாளே வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவேன், என் அறையிலிருந்து தொடங்கி. காய்ச்சல் விதியை ஜூலையில் கல்லூரி திறக்கும்போதே மாற்றியிருப்பேன், மழைக்காலத்தில் அவசரமாக மாற்றியதை நம்பவே அவர்களுக்குப் பத்து நாள் ஆனது. காய்ச்சல் விட்டதும் இரண்டு நாள் கண்காணிப்பு என்பதை மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த அந்தப் பையனையே பேச வைத்திருப்பேன், அவன் பின்னால் தானாகவே முதலாண்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான், என்னை விட நன்றாக. கொரோனாவிலிருந்து வந்த பழக்கத்தை முதல் நாளே எடுத்துப் பேசியிருப்பேன்: நோயாளியின் அறையைத் தாண்டி ஓட வேண்டாம், அவனுக்குப் பகலில் வலை கட்டுங்கள்.

டிரம்களில் பத்தை விற்றுவிட்டோம். மோட்டார் மறுபடி போனால் என்ன செய்வது என்று மெஸ் மாஸ்டர் பிடிவாதமாக இரண்டை வைத்துக்கொண்டார். மெஸ்ஸுக்குப் பின்னால் நிற்கின்றன, ஒன்றுக்குத்தான் மூடி இருக்கிறது.